ஒரு பிள்ளைக்கு எத்தனை பேரேடு?



மதீனாவின் புறத்தே வணிகக் கூட்டமொன்று இரவில் தங்கியிருந்தது. அமீருல் முஃமினீன் உமர் (ரலி) அவர்கள், அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களுடன் காவல் காக்கச் சென்றார்கள். ஒரு குழந்தை ஓயாமல் அழுதது. ஒரு முறைக்கு மூன்று முறை சென்று தாயிடம் காரணம் கேட்டார்கள். பால்குடி மறந்த பிள்ளைக்கு மட்டுமே உமர் உதவித்தொகை தருகிறார், அதனால் காலம் வருமுன்பே மறக்கடிக்கப் பார்க்கிறேன் என்றாள் அந்தத் தாய். தன்னிடம் பேசுபவர் யாரென்று அவளுக்குத் தெரியாது. அன்றைய ஃபஜ்ருத் தொழுகையில் கலீஃபாவின் கிராஅத், அழுகையினால் மக்களுக்கு விளங்கவில்லை. தொழுகை முடிந்ததும், பிள்ளைகளைப் பால்குடி மறக்கடிக்க அவசரப்பட வேண்டாம், இனி பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் பைத்துல்மாலிலிருந்து தொகை உண்டு என்று அறிவிக்கச் செய்தார்கள்.

ஜும்ஆ பயான்களில் நாம் பலமுறை கேட்ட சம்பவம் இது. நாமும் சொல்லியிருக்கிறோம். உமர் (ரலி) அவர்களின் இரக்கத்தை மெச்சிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுவோம். ஆனால் அந்தத் தாய் இரக்கமற்றவள் அல்லள். பைத்துல்மால் காலியாகவும் இல்லை. பணம் கொடுக்கும் விதி ஒருபுறமும் பிள்ளையின் வயிறு மறுபுறமும் நின்றன. நடுவில் பிள்ளை அழுதது. அந்த அழுகை திண்டுக்கல்லில் இன்றும் கேட்கிறது. கேட்க வேண்டியவர்களில் நாமும் இருக்கிறோம்.

நமது மக்தப் மதரஸாவுக்கு அதிகாலையில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி வந்துகொண்டிருந்தாள். அலிஃப், பா சொல்லும்போதே கண் சொருகும். சோம்பல் என்று முதலில் நினைத்தோம். ஒருநாள் கண்டித்தும் விட்டோம், அல்லாஹ் மன்னிப்பானாக. விசாரித்தபோது, முந்தைய இரவும் சரியான உணவில்லை என்று தெரிந்தது. தாய் நூற்பாலைக்குப் போகிறவர், கணவர் இல்லை. வேறு வட்டத்திலிருந்து வாடகைக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. அங்கன்வாடியில் சேர்க்கவில்லையா என்றோம். பழைய தெருவின் அங்கன்வாடியில்தான் பெயர் இருக்கிறது, இங்கே மாற்றிக்கொள்ள இரண்டு முறை விடுப்பு எடுத்து நடந்தேன், இனி விடுப்பு எடுத்தால் வேலை போய்விடும் என்றார். ஜமாஅத் பைத்துல்மாலில் கேட்டீர்களா என்றோம். தலைக்கட்டு வரி கட்டும் குடும்பமாக அவர் பெயர் பதிவில் இல்லையாம். சந்தா கட்டாதவருக்கு உதவியில்லை என்று எழுதப்பட்ட விதி எதுவும் அந்த ஜமாஅத்தில் இல்லை. பட்டியலில் இல்லாதவரை யாரும் நினைக்கவில்லை, அவ்வளவுதான். வெளிநாட்டில் வாழும் நம் சகோதரர்களின் சங்கம் ஒன்று அதே ஆண்டில் கல்வி உதவி வழங்கியது. அது ஒன்றாம் வகுப்பிலிருந்து தொடங்குகிறது. இந்தச் சிறுமிக்கு ஐந்து வயது.

எவரும் இவளுக்குத் தீங்கு நினைக்கவில்லை. அரசிடம் இவளுக்கான பணம் இருந்தது, ஜமாஅத்திடம் இருந்தது, சங்கத்திடமும் இருந்தது. ஒவ்வொருவரும் தத்தம் பேரேட்டைப் பார்த்தார்கள், இவள் அதில் இல்லை.

இதை அரசின் குறை என்று சொல்லித் தப்பித்துக்கொள்வோர் நம்மிடையே அதிகம். அரசின் குறை உண்டுதான். அதை மறைக்க நமக்கு எந்தத் தேவையுமில்லை. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாட்டில் 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்டது. பெயரிலேயே 'ஒருங்கிணைந்த' என்ற சொல் இருக்கிறது. ஊட்டச்சத்து, தடுப்பூசி, மருத்துவப் பரிசோதனை, பரிந்துரைச் சேவை, முன்பருவக் கல்வி, தாய்மாருக்கான நலக்கல்வி ஆகிய ஆறையும் ஒரே கூரையின்கீழ் தருவதே நோக்கம். இன்று தமிழகத்தில் 54,000க்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. ஆனால் அந்தக் கூரைக்குள் நுழையும் கைகளைப் பாருங்கள். மையத்தை நடத்துவது சமூக நலத்துறை. ஊசி போடுவது பொது சுகாதாரத்துறை. கட்டடமும் தண்ணீரும் உள்ளாட்சியின் பொறுப்பு. உணவுச் செலவில் மத்திய அரசும் மாநில அரசும் பாதிக்குப் பாதி. ஏனைய செலவுகளில் 60க்கு 40.

நூறுநாள் வேலைத் திட்டத்தோடு இணைத்துக் கிராமத்தில் புதிய அங்கன்வாடிக் கட்டடம் எழுப்ப வகுக்கப்பட்டிருந்த மதிப்பீடு 12 லட்சம் ரூபாய். இதில் 8 லட்சம் நூறுநாள் வேலைத் திட்டத்திலிருந்தும், 2 லட்சம் நிதிக்குழு மானியத்திலிருந்தும், 2 லட்சம் குழந்தை வளர்ச்சித் துறையிலிருந்தும் வர வேண்டியிருந்தது. ஒரு கூடத்துக்கு மூன்று கருவூலங்கள். ஒன்று தாமதித்தால் மற்ற இரண்டும் காத்துக் கிடக்கும். வேடசந்தூர், நத்தம் பக்கத்துச் சிற்றூர்களுக்கு இந்த வழியாவது இருந்தது. நூறுநாள் வேலைத் திட்டமே இல்லாத நகர்ப்பகுதியில், பேகம்பூர் போன்ற நெரிசலான தெருக்களில், இடமும் கிடையாது, அந்த 8 லட்சமும் கிடையாது. வாடகை அறைதான்.

இது இன்றைய நோயும் அல்ல. திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985இல். அதற்கு முன் நாம் மதுரை மாவட்டத்தில் இருந்தபோது, 1980இல் உலக வங்கி உதவியுடன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் அதே மதுரை மாவட்டத்தின் கொட்டாம்பட்டி வட்டாரத்தில்தான் முதலில் தொடங்கியது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டு, எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் கூடுதல் உணவு தருவது அதன் முறை. உலகம் பாராட்டிய முறை. இரண்டே ஆண்டுகளில், 1982 ஜூலையில், முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அதில் இரண்டு வயது நிரம்பிய பிள்ளைகளும் சேர்க்கப்பட்டார்கள். இரண்டும் நல்லவை. ஆயினும் இரண்டு வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளை இரண்டு திட்டங்களுக்கும் உரியதாயிற்று. எடை பார்ப்பவர் ஒருவர், சோறு போடுபவர் வேறொருவர். இவ்விரண்டையும் ஒருவழியாக இணைப்பதற்குத் திட்டத்தின் இரண்டாம் கட்டம் வரை, அதாவது 1990களின் தொடக்கம் வரை, காத்திருக்க வேண்டியதாயிற்று.

அண்மைய உதாரணமும் நினைவிருக்கும். நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கிய 2,381 அங்கன்வாடி மையங்களில் 2019 ஜனவரியில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. ஏழைப் பெற்றோர் மகிழ்ந்தனர். ஆசிரியர் பள்ளிக்கல்வித் துறையைச் சேர்ந்தவர், பிள்ளை சமூக நலத்துறையைச் சேர்ந்தது. 2022 ஜூனில், தொடக்கப்பள்ளியில் ஆசிரியர் பற்றாக்குறை என்று சொல்லி அவர்களைத் திரும்ப அழைத்துக்கொள்ளப் போவதாகச் செய்தி வந்தது. எதிர்ப்பு எழுந்தபின் வகுப்புகள் தொடரும் என்றார்கள். இரு துறைகளுக்கிடையே ஒரு கோப்பு நகர்ந்தபோது நான்கு வயதுப் பிள்ளையின் வகுப்பறை ஆடியது. அதே 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை உள்ளவர்களுக்கு. மாஷா அல்லாஹ், மிக நல்ல திட்டம். அக்காளுக்குப் பள்ளியில் காலை உணவு. கையைப் பிடித்து வரும் தம்பி அத்திட்டத்தில் இல்லை.

இவ்வளவும் அரசைப் பற்றி. இனி நம்மைப் பற்றிச் சொல்கிறோம், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

2006இல் அறிவிக்கப்பட்ட பிரதமரின் புதிய 15 அம்சத் திட்டத்தின் முதல் அம்சம் எது தெரியுமா? கல்லூரி இடமோ, வங்கிக் கடனோ அன்று. சிறுபான்மையினர் கணிசமாக வாழும் பகுதிகளில் அங்கன்வாடிச் சேவை நியாயமான அளவில் கிடைக்கச் செய்ய வேண்டும் என்பதுதான். ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக அது காகிதத்தில் இருக்கிறது. எந்த மஹல்லாவின் நிர்வாகக் கூட்டத்தில், 'நம் தெருவுக்கு எத்தனை மையம், எத்தனை பிள்ளைகள், எத்தனை பேர் பதிவாகவில்லை' என்று கேட்கப்பட்டது? ஒரே நகரில், ஒரே கிப்லாவை நோக்கித் தொழுபவர்கள், ரமளானில் கஞ்சி காய்ச்சும் செலவைப் பற்றி மூன்று கூட்டம் போடுகிறோம். பள்ளிவாசலுக்குக் குளிர்சாதனம் வாங்க வசூல் ஒரே ஜும்ஆவில் நிறைவடைகிறது. அதைக் குறை சொல்லவில்லை. வெயிலில் நாமும் அதன் கீழ்தான் நிற்கிறோம்.

அங்கன்வாடி என்றால் 'நம்ம பிள்ளைகளுக்கு அது சரிப்படாது' என்று முகம் சுளிக்கும் குடும்பங்களும் நம்மிடம் உண்டு. சம்பளத்தில் பெரும்பகுதியைத் தனியார் நர்சரிக்குக் கட்டிவிட்டுப் பிள்ளைக்கு வீட்டில் முட்டை வாங்க யோசிப்பார்கள். அங்கன்வாடியில் வாரம் மூன்று முட்டை. வசதியுள்ளவர்கள் விலகிக்கொண்டதால் அந்த மையத்தின் உடைந்த கதவைப் பற்றிக் கேட்கும் நாவும் விலகிக்கொண்டது.

இன்னொரு சாரார், 'நாமே ஒரு இஸ்லாமிய நர்சரி தொடங்கிவிடலாம்' என்பார்கள். தொடங்குங்கள், தடையில்லை. ஆனால் கட்டணம் கட்ட முடியாத அந்த நூற்பாலைத் தாய்க்கு அது ஏழாவது பேரேடாகத்தான் இருக்கும்.

ஜகாத்தைக் கொண்டு எல்லாவற்றையும் செய்துவிடலாம் என்று ஆர்வத்தில் பேசும் இளைஞர்களுக்கு ஒரு விளக்கம். நம் பகுதியில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில் ஜகாத் நிறைவேறத் தகுதியான ஏழைக்கு அது உடைமையாக்கப்பட வேண்டும். கட்டடம் கட்டவோ, ஆயாவுக்குச் சம்பளம் கொடுக்கவோ ஜகாத் பணத்தை நேரடியாக எடுக்க முடியாது. ஏழைப் பிள்ளைக்குரியதை அதன் பொறுப்பாளர் கையில் கொடுக்கலாம். உணவாகவோ உடையாகவோ உடைமையாக்கலாம். மற்றவற்றுக்கு ஸதகாவும் நன்கொடையும் இருக்கின்றன. வக்ஃப் வருமானத்தை வாகிஃபின் நிபந்தனைக்கு மாறாகத் திருப்பவும் கூடாது. வக்ஃப் வாரியத்துக்குச் செலுத்தும் பங்களிப்பின் உச்சவரம்பு 2025 திருத்தத்தில் 7 சதவிகிதத்திலிருந்து 5 ஆகக் குறைக்கப்பட்டிருக்கிறது. அந்தத் திருத்தத்தின் மற்றப் பிரிவுகள் குறித்து நம் வேதனை வேறு விஷயம். இந்த 2 சதவிகிதமாவது பிள்ளைகளுக்கென்று புதியதொரு வக்ஃபுக்கு வித்தாகலாமா என்று ஆலிம்களையும் முத்தவல்லிகளையும் கேட்கிறோம்.

பணத்தைவிட அதிகமாக நம்மிடம் சும்மா கிடப்பது இடம். காலை எட்டு மணிக்கு மக்தப் கலைந்தால் மாலை அஸர் வரை மதரஸாக் கூடங்கள் பூட்டிக் கிடக்கின்றன. மின்விசிறி, கழிப்பறை, தண்ணீர் எல்லாம் இருக்கின்றன. நகரத்து அங்கன்வாடியோ வாடகை அறையில் மூச்சுத் திணறுகிறது. தொழுமிடம் அல்லாத கூடத்தை, வக்ஃப் நிபந்தனை இடம் தந்தால், மையத்துக்கு ஏன் கொடுக்கக் கூடாது? அரசு மையம் என்றால் எல்லா மதத்துப் பிள்ளைகளும் வருவார்கள். வரட்டும். பக்கத்துத் தெரு மாரியம்மாளின் பேரன் நம் கூடத்தில் பசியாறினால் நம் ஈமானுக்கு என்ன குறைந்துவிடும்? அண்டை வீட்டார் பசித்திருக்கத் தான் வயிறு நிரம்ப உண்பவனைக் குறித்து நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தது முஸ்லிம் அண்டை வீட்டாரைப் பற்றி மட்டும்தானா?

இது நடக்காத காரியம் என்போர் வெளியே பார்க்கட்டும். வங்கதேசத்தில் இஸ்லாமிய நிறுவனம் 1993 முதல் அரசு நிதியில் பள்ளிவாசல்களிலேயே சிறுபிள்ளைகளுக்கு முன்பருவக் கல்வி நடத்துகிறது, இமாம்களே ஆசிரியர்கள். கென்யாவின் மொம்பாசாக் கரையில் 1980களில் முஸ்லிம் பெற்றோர் கேட்டுக்கொண்டதன் பேரில் ஆகாகான் அறக்கட்டளை மதரஸாவோடு இணைந்த பாலர் பள்ளிகளைத் தொடங்கியது. பிறகு அது ஸன்ஸிபாருக்கும் உகாண்டாவுக்கும் பரவியது. அகீதாவில் நமக்கும் அவர்களுக்கும் உள்ள வேறுபாடு தெரிந்ததே. ஆயினும் ஊர்மக்கள் இடம் தர, அறக்கட்டளை பயிற்சி தர, பெண் ஆசிரியர்கள் பொறுப்பேற்று நடத்திய ஏற்பாடு கற்றுக்கொள்ளத் தக்கது. அவ்வளவு தூரமும் போக வேண்டாம். நம் மாவட்டங்களிலேயே ஆட்சியர் தலைமையில் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கங்கள் இருக்கின்றன. ஆதரவற்ற பெண்களுக்காகச் சமுதாயம் திரட்டும் நன்கொடைக்கு அரசு இணை மானியம் தருகிறது. விதவைக்கு இந்த ஏற்பாடு இயலுமென்றால் அவள் பிள்ளைக்கு ஏன் இயலாது?

ஆகவே நாம் கேட்பது புதிய அமைப்பு அல்ல. பதவிக்கு இன்னொரு நாற்காலியும் அல்ல. மாதத்தில் ஒருநாள், ஒரு மேசை. அங்கன்வாடிப் பணியாளர், சுகாதாரச் செவிலியர், வார்டு உறுப்பினர், பக்கத்துத் தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியர், ஜமாஅத் செயலாளர், பைத்துல்மால் பொறுப்பாளர், சங்கத்தின் ஊர்ப் பிரதிநிதி, மதரஸா உஸ்தாத் ஆகியோர் அவரவர் பேரேட்டைக் கொண்டுவந்து மேசைமேல் விரிக்க வேண்டும். எந்தப் பிள்ளை ஒன்றிலும் இல்லை, எந்தப் பிள்ளை இரண்டில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வாடகைக்கு வந்தவர், சந்தா கட்டாதவர், வேறு ஜமாஅத்தார், வேறு மதத்தார் என்ற பாகுபாடு அந்தப் பட்டியலில் கூடாது. பெயர் மாற்றத்துக்குத் தாய் விடுப்பெடுத்து நடக்காமல், மேசையில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் பேசி முடிக்க வேண்டும். இதற்கு அரசாணை தேவையில்லை. ஒரு கூடமும் தேநீரும் போதும். தேநீர்ச் செலவை மதரஸா ஏற்கிறது.

இக்கோரிக்கையை எழுத்து மூலம் நம் மஹல்லா நிர்வாகத்திடம் கொடுத்தோம். 'அடுத்த பொதுக்குழுவில் வைக்கலாம்' என்றார்கள். பொதுக்குழு ஆண்டுக்கு ஒருமுறை கூடும். ஆகவே காத்திராமல், சென்ற வாரம் மதரஸாவின் மூத்த மாணவர்கள் இருவருடன் மூன்று தெருக்களில் வீடு வீடாகச் சென்று ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதினோம். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு அங்கன்வாடிப் பணியாளரிடம் போனோம். அவர் தம்முடைய பதிவேட்டைத் திறந்தார். இருவரும் ஒவ்வொரு பெயராகப் பார்த்தோம். ஏழு பிள்ளைகள் எதிலும் இல்லை. அந்த அம்மையார் சொன்னது: "ஹஜ்ரத், பதினாலு வருசமா இங்க வேலை பார்க்கிறேன். பள்ளிவாசல்ல இருந்து பட்டியலோட ஒருத்தர் வந்தது இதுதான் முதல் தடவை."

அந்தச் சிறுமியின் பெயரை அன்றே இங்கே பதிந்துவிட்டார். மற்ற ஆறு வீடுகளுக்கும் வரும் திங்கட்கிழமை அவரோடு போகிறோம், இன்ஷா அல்லாஹ். ஜமாஅத் செயலாளரையும் அழைத்திருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை.