சிறு கிளாஸின் பெருமை

ஆப்ஜெக்ட் முறையில் நிரலெழுதக் கற்போரிடையேயும் கற்பிப்போரிடையேயும் ஓர் அபிப்பிராயம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. 'மிருகம்' என்றொரு கிளாஸை எழுதி, அதன் வாரிசுகளாக 'நாய்', 'பூனை' என்று இரண்டைக் கிளைக்கவிட்டால் இந்தச் சாஸ்திரத்தின் சாரம் கைவந்துவிடுமென்றும், வங்கிக் கணக்கு, கடிகாரம், பின்னம் முதலிய தனிச் சிறு கிளாஸ்களை வடிவமைத்துப் பழகுவது வெறும் பாலபாடமே ஆதலால் அதை விரைவில் கடந்து மரபுரிமைக்கு ஏறிவிடுவதே தேர்ச்சியின் லட்சணமென்றும் அவர்கள் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கையை நான் முழுமனத்தோடு மறுக்கிறேன்.

கிளாஸ் என்பது தரவுகளைக் கொட்டி வைக்கும் பெட்டி என்று கொள்வதிலிருந்தே பிழை தொடங்குகிறது. தான் ஏற்ற வாக்கைக் காப்பதற்கென்றே அது ஏற்பட்டது. சேமிப்புக் கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம்: இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே இறங்கலாகாது, வரவோ பற்றோ பதிவாகாமல் இருப்பு மாறலாகாது, இவ்விரண்டுமே அதன் வாக்கு. மாணவனோ 'இருப்பு' என்ற மாறியைப் பிரைவேட் என்று அறிவித்துவிட்டு, அடுத்த வரியிலேயே அதற்கொரு கெட்டரும் செட்டரும் எழுதுகிறான். கதவைப் பூட்டிச் சாவியைப் பூட்டிலேயே விட்டுச் செல்வதற்கும் இதற்கும் பேதமில்லை. செட்டரை நீக்கி, பணம் போடுவதற்கும் எடுப்பதற்கும் இரண்டே மெத்தட்களை வைத்து, தகாத தொகையை அவ்விடத்திலேயே மறுக்கக் கற்றவன், இருப்பை ரூபாயாக வைப்பதா பைசாவாக வைப்பதா என்ற முடிவைப் பின்னொரு நாள் மாற்றினாலும் வெளியே ஒரு வரியும் மாற வேண்டாதிருப்பதைக் காண்கிறான். மாறக்கூடிய முடிவு ஒவ்வொன்றையும் நிரலின் ஒரு கூறுக்குள் மறைத்து வைக்க வேண்டுமென்று 1972-இல் டேவிட் பார்னாஸ் எடுத்துரைத்த தத்துவம், ஒரு பக்கத்துக்குள் அடங்கும் இந்தச் சிறு கிளாஸிலேயே அவனுக்குப் பிரத்தியட்சமாகிவிடுகிறது.

இந்த அப்பியாசம் பாலருக்கு மட்டுமே உரியதென்பார் ஜாவாவின் நூலகத்தைப் பார்க்கட்டும். கடைசியாக வைத்ததை முதலில் எடுப்பதே 'ஸ்டாக்' அளிக்கும் வாக்கு. அதை 'வெக்டர்' என்ற கிளாஸின் வாரிசாக அமைத்துவிட்டமையால், வெக்டரின் மெத்தட்களும் ஸ்டாக்குக்கு வந்துசேர்ந்து, அடுக்கின் நடுவில் எவரும் எதையும் செருகவும் உருவவும் இடமாயிற்று. 1996-இல் மொழியின் முதல் பதிப்போடு வெளிவந்த அந்தப் பிழையைத் திருத்தினால் பழைய நிரல்கள் உடையுமாதலால் அது இன்றும் அப்படியே நிற்க, 'டெக்' என்ற வகையையே நாடுமாறு ஸ்டாக்கின் ஆவணமே அறிவுறுத்துகிறது. வெக்டரை ஸ்டாக்கின் உள்ளே ஓர் உறுப்பாக மறைத்து வைத்திருந்தால் இந்த விபரீதம் நேர்ந்திராது.

ஓஸ்லோவில் டாலும் நீகார்டும் படைத்த, ஆப்ஜெக்ட் முறைக்கே முன்னோடியான சிமுலா 67 மொழியிலேயே மரபுரிமை இருந்ததே என்று சிலர் ஆட்சேபிக்கலாம். இருந்தது, அதன் பயனையும் நான் மறுக்கவில்லை. ஆனால் தாய் கிளாஸ் நிற்கும் இடத்தில் சேய் கிளாஸை வைத்தாலும் நிரல் பிறழலாகாது என்று 1987-இல் பார்பரா லிஸ்கோவ் வலியுறுத்திய நியமத்தை யோசித்துப் பார்த்தால், தாயின் வாக்கு இன்னதென்று சொல்லத் தெரியாதவன் சேய் அதைக் காக்கிறதா என்று எங்ஙனம் நிர்ணயிப்பான்? மிருகமும் நாயும் பூனையும் எந்த வாக்கையும் கொடுக்காத கிளாஸ்கள். ஆதலால் அவற்றைக் கொண்டு மரபுரிமையைக்கூடச் செவ்வனே கற்க இயலாது.

ஆகவே கற்போர் முதலில் பின்னம் ஒன்றை எழுதட்டும். பகுதி பூஜ்யமாகலாகாது, பின்னம் எப்போதும் சுருங்கிய வடிவிலேயே இருக்க வேண்டும், குறை அடையாளம் தொகுதியில் மட்டுமே நிற்க வேண்டும். எழுதி முடித்தபின் அதை ஒரு நண்பரிடம் கொடுத்து, இந்த மூன்றில் ஒன்றையேனும் வெளியிலிருந்தபடியே மீற முடியுமா என்று முயலச் சொல்லட்டும். அவர் முயற்சிகளெல்லாம் தோற்கும்வரை அந்த ஒரு கிளாஸை விட்டு நகர வேண்டாம்.