வாய்க்காலை அடைத்த கையெழுத்துக்கு யார் பொறுப்பு?

ஆயக்கட்டின் நடுவே மனைப்பிரிவு போடப்பட்டால் முதலில் அவதிப்படுபவர் பக்கத்து வயல்காரரே. மண் கொட்டி மேடாக்கிய இடத்தின் மழைநீரெல்லாம் அவர் வயலில் வந்து தேங்குகிறது. வடிகால் தூர்ந்துவிட்டால் ஐப்பசி, கார்த்திகை மழையில் இளம்பயிர் அழுகுகிறது. கிளை வாய்க்காலை மறித்துவிட்டால் கடைமடைக்குத் தண்ணீரே இல்லை. விதை, உரம், பூச்சிமருந்து பற்றி நாங்கள் எத்தனை சொன்னாலும் இந்த நட்டத்தை ஈடுசெய்ய இயலாது. அந்த மனைப்பிரிவுக்கு அனுமதி தந்து ஓர் அலுவலர் கையெழுத்திட்டிருக்கிறார். அது தவறான கையெழுத்து என்றால் நட்டஈடு தருவது யார்?

அமெரிக்காவில் இதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. உரிமை பறிக்கப்பட்டவர் அலுவலர் மீதே வழக்குத் தொடர 1871ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அங்கே வழிசெய்கிறது. அலுவலர்கள் நல்லெண்ணத்துடன் நடந்துகொண்டார்கள் என்று காரணம் காட்டி நகராட்சி தப்ப முடியாது என 1980இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. எனவே நகராட்சிகள் தம் அலுவலர்களுக்கும் மன்ற உறுப்பினர்களுக்கும் பொறுப்புக் காப்பீடு எடுத்து வைக்கின்றன. நம் பயிர்க் காப்பீடு வெள்ளத்துக்கும் வறட்சிக்கும். அவர்கள் காப்பீடு அலுவலகம் எடுக்கும் முடிவுக்கு. 1980களின் நடுவில் பிரீமியம் மிகவும் ஏறி, பல சிறிய ஊர்களுக்குக் காப்பீடு கிடைப்பதே அரிதாயிற்று. அப்போது ஊர்கள் ஒன்றுசேர்ந்து பொது நிதி அமைத்துச் சமாளித்தன. நம் கூட்டுறவுச் சங்கம் போன்ற ஏற்பாடுதான்.

இதை நம் நாட்டுக்கும் கொண்டுவரலாமா என்றால், பாதி மனத்துடன்தான் சம்மதிப்பேன். பாதுகாப்பே இல்லையென்றால் நேர்மையான அலுவலர்கூட எந்தக் கோப்பிலும் கையெழுத்திடத் தயங்குவார். பாதிக்கப்பட்டவருக்கும் பணம் விரைவில் கிடைக்க வேண்டும். ஆனால் பிரீமியம் நாம் கட்டும் வரியிலிருந்துதானே போகும்? தெரிந்தே செய்த தவற்றுக்கும் ஊரார் பணத்தில் ஈடுகட்டுவது நியாயமன்று. அமெரிக்கக் காப்பீடுகளும் மோசடிக்கும் சொந்த ஆதாயத்துக்காகச் செய்த செயலுக்கும் பொதுவாகப் பணம் தருவதில்லை.

நம் நீதிமன்றங்கள் இதில் நல்ல வழி காட்டியுள்ளன. லக்னோ வளர்ச்சிக் குழுமம் பற்றிய வழக்கில் 1993இல் உச்ச நீதிமன்றம், மன உளைச்சலுக்கான இழப்பீட்டை முதலில் குழுமம் கொடுக்கட்டும், பிறகு பொறுப்பான அலுவலர்களிடம் வசூலிக்கட்டும் என்றது. கேரளத்தின் மரடில், கடலோர விதிகளை மீறிய கட்டடங்களுக்கு உள்ளாட்சி அனுமதி தந்திருந்தது. 2019இல் ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீட்டை மாநில அரசு கொடுத்துவிட்டு, கட்டியவர்களிடமும் பொறுப்பான அலுவலர்களிடமும் வசூலிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2020 ஜனவரியில் அந்தக் கட்டடங்கள் தகர்க்கப்பட்டன.

இரண்டு வழக்கிலும் இழப்பீடு பெற்றவர்கள் வீட்டுக்காக வந்தவர்கள். வாய்க்காலை இழந்த உழவருக்கு அப்படி ஒரு தீர்ப்பு எளிதில் கிடைப்பதில்லை. தமிழ்நாட்டில் அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப்பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. மறு ஆண்டே வரன்முறை விதிகள் வந்தன. கட்டணம் கட்டினால் மனை செல்லுபடியாயிற்று. தூர்ந்த வடிகாலோ தூர்ந்தபடியே கிடந்தது.

நல்லெண்ணத்துடன் செய்த செயலுக்கு வழக்கில்லை என்பதே நம் நகர் ஊரமைப்புச் சட்டம் அலுவலருக்குத் தரும் கவசம். “அங்கே வாய்க்கால் இருப்பது எனக்குத் தெரியாது” என்றால் கவசம் பலமாக நிற்கும். உங்கள் எழுத்து மூலமான ஆட்சேபணை கோப்பில் ஏறியிருந்தால் அவ்வாறு சொல்வது கடினம். டீக்கடையிலும் களத்துமேட்டிலும் நாம் பேசுவது எந்தக் கோப்பிலும் ஏறாது. காப்பீடு வரும்போது வரட்டும். இதற்குப் பிரீமியம் கிடையாது.

முழுமைத் திட்டப் பகுதிகளில் விவசாய நிலத்தைக் குடியிருப்பாக வகை மாற்றும்போது நாளிதழில் அறிவிப்பு வரும். குறித்த நாளுக்குள் ஆட்சேபணை தரலாம். மற்ற இடங்களில் வயலில் எல்லைக்கல்லும் செம்மண் லாரியும் தென்பட்ட உடனேயே விழித்துக்கொள்ள வேண்டும். மனுவில் புல எண், வாய்க்காலின் பெயர், அது பாயும் ஏக்கர், பாசனம் பெறும் உழவர்களின் கையெழுத்து ஆகியவை இருக்கட்டும். புல வரைபட நகலையும் அடங்கல் நகலையும் இணைத்து, மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகம், ஆட்சியர், வேளாண் இணை இயக்குநர் மூவருக்கும் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் கொடுத்து மனு எண்ணைக் குறித்துவையுங்கள். வாய்க்காலைப் படம் எடுப்பதானால் தண்ணீர் ஓடும் நாளில் எடுங்கள். வறண்ட வாய்க்காலின் படத்தைப் பார்த்துப் “பயன்பாட்டில் இல்லை” என்று எழுதிவிடுவது மிக எளிது.