ஒரு பக்கத்துக்கு எவ்வளவு தருவான்?

போன ஞாயிற்றுக்கிழமை உறவினர் வீட்டில் புதுமனை புகுவிழா. பந்தி முடிந்து மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தோம். இரவில் நான் விக்கிமூலம் என்ற இணைய நூலகத்தில் மெய்ப்புப் பார்ப்பதைப் பற்றிப் பேச்சு வந்தது. "ஒரு பக்கத்துக்கு எவ்வளவு தருவான்?" என்றார் பெரியப்பா முறை ஆகிற ஒருவர். ஒன்றும் கிடையாது என்றேன். "சோழியன் குடுமி சும்மா ஆடுமா? எதுக்கோ அடிபோடுறே" என்று சிரித்தார். சுற்றியிருந்த அத்தனை பேரும் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டல்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆதாயம் இல்லாமல் மனிதன் விரலை அசைக்கமாட்டான் என்பதைப் பெரிய உலக ஞானமாக நினைத்துக்கொண்டு திரிகிறோம். மேலாண்மை படித்தவர்கள் இதையே கோட்டு மாட்டிக்கொண்டு சொல்கிறார்கள்: புள்ளி கொடு, பேட்ஜ் கொடு, முதல் பத்துப் பேர் பட்டியல் போடு, கூட்டம் தானாக வரும். குரங்காட்டி கையிலிருக்கும் வாழைப்பழத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம் எந்த வாழைப்பழத்துக்கு வந்தது? 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆய்வு செய்துகொண்டிருந்த கல்யாணசுந்தரம் அதைத் தொடங்கினார். அமெரிக்காவிலிருந்து குமார் மல்லிகார்ஜுனன் துணை நின்றார். யூனிகோட் பரவாத காலம். ஆளுக்கொரு எழுத்துரு, ஒருவர் தட்டியது இன்னொருவர் திரையில் குப்பையாக விழும். அந்த நிலையில் திருக்குறளில் ஆரம்பித்துச் சங்க நூல்கள், காப்பியங்கள், திருமுறைகள் என்று பக்கத்தில் புத்தகத்தை விரித்துவைத்து எழுத்தெழுத்தாகத் தட்டினார்கள். குறியேற்றம் மாறியபோது டிஸ்கிக்கும், பிறகு யூனிகோடுக்கும் அவற்றை மாற்றினார்கள். எந்தப் பேட்ஜுக்கு?

"பெயர் வருகிறதே" என்பார்கள். வருகிறது. கோப்பின் தலைமாட்டில், தட்டச்சு இன்னார், மெய்ப்பு இன்னார் என்று ஓரிரு வரி. நம்மில் எத்தனை பேர் அதைப் படித்திருக்கிறோம்? நேரே பாட்டுக்குத் தாண்டிவிடுகிறோம். அந்தப் புகழுக்காகவா ஒருவர் கம்பராமாயணத்தைத் தட்டிக்கொண்டிருப்பார்?

காசு கொடுத்தும் பார்த்தாயிற்று. 2008இல் கூகுள் 'நோல்' என்று ஒரு கட்டுரைத் தளத்தைத் திறந்தது. எழுதுகிறவர்களுக்கு விளம்பர வருமானத்தில் பங்கு. 2012இல் கடையை மூடினார்கள். சல்லிக்காசு தராத விக்கிப்பீடியா 2001இலிருந்து நிற்கிறது. அதே கூகுள் கூலிக்கு ஆள் வைத்து ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழ் விக்கிப்பீடியாவில் மொழிபெயர்த்துக் கொட்டியபோது, இது என்ன தமிழ் என்று கொதித்தவர்கள் கூலி வாங்காதவர்கள்தான்.

இன்னொரு வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். புத்தகக் காட்சியில் பழைய நூல் ஒன்றின் புதுப்பதிப்பு வாங்கினேன். மதுரைத் திட்டக் கோப்பில் ஓரிடத்தில் ஒரு சொல் விட்டுப்போயிருக்கும். அச்சிலும் அதே இடத்தில் அதே சொல்லைக் காணோம். நன்றி என்று ஒரு வரி இல்லை. தட்டியவரிடம் 'உனக்கென்ன லாபம்' என்று கேட்கிற ஊர், அந்தப் பதிப்பகத்திடம் ஒருநாளும் கேட்காது. ஆதாயம் காட்டி வேலை வாங்குவதில் கல்லூரிகளும் சளைத்தவை அல்ல. சேவைக்குச் சான்றிதழ் என்று பழக்கிவிட்டோம். பிள்ளைகள் மரக்கன்றோடு படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். மறுநாள் கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற ஆளில்லை.

பெரியப்பாவுக்கு அன்று சொல்லாததை இங்கே சொல்கிறேன். தமிழ் இணையக் கல்விக்கழகம் வழங்கிய நாட்டுடைமை நூல்கள் விக்கிமூலத்தில் இரண்டாயிரத்துக்கும் மேல் கிடக்கின்றன. பக்கத்தின் படத்தைக் கணினி எழுத்தாக்கும்போது துணைக்காலை ரகரமாக்கும், ரகரத்தைத் துணைக்காலாக்கும். ஒருவர் திருத்தினால் பக்கம் மஞ்சளாகும். இன்னொருவர் சரிபார்த்தால் பச்சையாகும். நிறம் பக்கத்துக்குத்தான், எங்களுக்கில்லை. இரவு நான் மஞ்சளாக்கிவிட்டுப் படுத்த பக்கத்தை, காலையில் முகம் தெரியாத ஒருவர் பச்சையாக்கி வைத்திருப்பார். நான் தவறவிட்ட ஒற்று அங்கே சரியாக உட்கார்ந்திருக்கும். அவரும் நானும் பேசிக்கொண்டதே இல்லை. அந்தப் புத்தகம் பிழையில்லாமல் இருக்கவேண்டும் என்பது இருவருக்கும் தெரியும். அடுத்த பக்கத்தைத் திறக்க எனக்கு அது போதும்.

மதுரைத் திட்டக் கோப்பை அடுத்தமுறை திறக்கும்போது, பாட்டுக்குத் தாண்டுமுன் மேலே உள்ள அந்த ஓரிரு வரியைப் படியுங்கள்.