சாலையில் வாழும் பழைய கார்கள்

இங்கிலாந்து நாட்டைக் காரில் சுற்றிப் பார்க்கச் செல்வோர் கோட்டைகளையும் ஏரிகளையும் கவிஞர் வாழ்ந்த இல்லங்களையும் நாடுவர். அவை காணத் தக்கனவே. ஆயினும், தேடாமலே எதிர்ப்படும் காட்சி ஒன்றும் அங்கு உண்டு. கோடைக்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில், இருபுறமும் வேலி சூழ்ந்த குறுகிய சாலைகளில், 50, 60 ஆண்டுகளுக்கு முன் அந்நாட்டார் செய்த கார்கள் ஊர்ந்து வரும். அவற்றை இனங்கண்டு மகிழ்தலும் ஒரு கல்வியே என்பது என் கருத்து.

அதற்கு முதலில் விரைவுப் பெருஞ்சாலையை விட்டு விலகுதல் வேண்டும். அங்குப் பழைய வண்டிகளைக் காண்பது அரிது. கிளைச் சாலைகளே அவற்றிற்கு உகந்தன. ஏரி நாட்டிலுள்ள ஹார்ட்நாட் கணவாயில் மூன்றடி செல்ல ஓரடி உயரும் ஏற்றம் உண்டு. அதிலும் முனகிக்கொண்டே ஏறும் முதிய வண்டிகள் உள. வண்டியின் எண் பலகையையும் நோக்குக. கறுப்புப் பலகையில் வெள்ளி நிற எழுத்துகள் இருப்பின் வண்டி பழையது. ஆண்டினைக் குறிக்கும் எழுத்து 1963ஆம் ஆண்டிலேதான் புகுந்தது. அது காணப்படாவிடின் வண்டி பெரும்பாலும் அதற்கும் முற்பட்டது எனக் கொள்ளலாம்.

ஜாகுவார் 'ஈ டைப்' வண்டியின் நீண்ட மூக்கினை எவரும் எளிதில் அறிவர். எனக்கோ எளிய குடும்பங்களின் வண்டியாகிய மாரிஸ் மைனரே இனியது. அலெக் இசிகோனிஸ் என்பார் வகுத்த இவ்வண்டி 1948இல் வெளிவந்தது. மாதிரி வண்டி குறுகலாய்த் தோன்றவே, அவர் அதனை நெடுக்கே இரு கூறாக வெட்டச் செய்தார். கூறுகளை விலக்கி விலக்கி வைத்துப் பார்த்து, 4 அங்குலம் கூட்டினால் வடிவு அமையும் என்று துணிந்தார். எஞ்சின் மூடியின் நடுவே ஓடும் பட்டை அந்த அகலத்தின் அடையாளமே. இதனை அறிந்தவன் அவ்வண்டியை மறவான். வியந்து நிற்பவரைக் கண்டால், உடையவர் அம்மூடியைத் திறந்து காட்டாமல் விடார். கையிலுள்ள தேநீர் ஆறுவதையும் அவர் எண்ணார்.

மைனரின் ஒரு வகைக்குப் பின்புறத்தில் மரச்சட்டம் உண்டு. அஃது அணிகலன் அன்று. கூரையையும் பக்கங்களையும் தாங்குவது. மழையில் நனைந்து அது உளுத்துப்போகும். தச்சர் புதுச் சட்டம் இழைத்துப் பொருத்துவர். இவ்வாறு சட்டம் மாறி, பிஸ்டன் மாறி, தரைத்தகடும் மாறியபின் அதனைப் பழைய வண்டி எனலாமோ எனச் சிலர் வினவுவர். நம் நூல்களின் வரலாற்றை எண்ணிப் பாருங்கள். தொல்காப்பியத்தை முதன்முதலில் எழுதிய ஏடு இன்று இல்லை. ஏடு செல்லரிக்குமுன் மற்றோர் ஏட்டில் படியெடுத்தனர் நம் முன்னோர். ஏடு புதியது, நூல் பழையதே. ஓடுகின்ற வண்டியும் அத்தகையதே.

ஹாம்ப்ஷயரில் பியூலி என்னும் ஊரில் 1952இல் தொடங்கிய காட்சிச்சாலை புகழ் வாய்ந்தது. அங்குள்ள வண்டிகளைப் பழிப்பது என் நோக்கமன்று. ஆனால், கண்ணுக்கு விருந்தாக நிற்கும் வண்டி கைக்கு வேலை தாராது. மாரிஸ் என்னும் பெயரில் புதிய கார்கள் வெளிவருவது 1980களிலேயே நின்றது. இன்று அவ்வண்டிகளுக்கு வேண்டிய உறுப்புகளைச் சிறு பட்டறைகள் செய்து தருகின்றன. வண்டி ஓடினால்தான் உறுப்புத் தேயும். தேய்ந்தால்தான் பட்டறை வாழும். எஞ்சினின் ஒலியைக் கேட்டே கார்புரேட்டரைச் சீர்செய்யும் முதியவரிடம் இளைஞன் ஒருவன் அமர்ந்து கற்பதும் அதனாலேயே. அத்தொழில் ஒரு தலைமுறை அறுந்துபோயின், ஏடுகளில் உள்ள குறிப்புகளைக் கொண்டு மீட்பது எளிதன்று.

நாற்பது ஆண்டு கடந்த வண்டிகட்கு அந்நாட்டு அரசு சாலை வரியை நீக்கியுள்ளது, அது நன்று. பெருமாறுதல் செய்யப்பெறாத அத்தகைய வண்டிகட்கு ஆண்டுச் சோதனை கட்டாயமன்று என 2018இல் விதித்ததையோ நான் ஏற்கவில்லை. பழைய பிரேக்கு பழைய பிரேக்கே. முதுமைக்கு மரியாதை வேண்டும், மருத்துவரும் வேண்டும்.

இவ்வண்டிகளுட் சில நமக்கும் உறவுடையன. 2014 வரை வங்காளத்தில் செய்யப்பெற்ற அம்பாசிடர், மாரிஸ் ஆக்ஸ்போர்டின் வழிவந்தது. சென்னையை அடுத்து உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டின் உடன்பிறப்பு. அதனைக் கண்டறிந்த தமிழர் வழியில் வண்டியை நிறுத்தாமல் செல்லார்.

கோடையில் செல்ல இயலாதவர் நவம்பர் முதல் ஞாயிறன்று லண்டனில் இருத்தல் நலம். மோட்டார் வண்டிக்கு முன்னே ஒருவர் நடந்து செல்லல் வேண்டும் என்றிருந்த கட்டுப்பாடு 1896இல் நீங்கியது. அதன் நினைவாக, 1905க்கு முன் செய்யப்பெற்ற வண்டிகள் அன்று வைகறையில் ஹைடு பூங்காவிலிருந்து புறப்பட்டு, ஏறத்தாழ 60 மைல் தொலைவிலுள்ள பிரைட்டன் கடற்கரைக்குச் செல்கின்றன. சில வண்டிகள் வழியில் நின்றுவிடும். உடையவர் ஸ்பானருடன் ஈரப் புல்லில் மண்டியிடுவார். சுற்றி நிற்கும் சிறுவர் அவர் விரல்களையே நோக்கியிருப்பர். எஞ்சின் இருமிக்கொண்டு மீண்டும் உயிர்க்கும்பொழுது சாலையோரம் முழுவதும் கைதட்டும்.