ஏ-38: சிரிக்கிறவர்களுக்கும் கோபிக்கிறவர்களுக்கும்

போன வாரம் எங்கள் ஓய்வூதியர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு சண்டை. நண்பர் ஒருவரின் மருமகன் அனுப்பிய கார்ட்டூன் துண்டு ஒன்றை அவர் குழுவில் போட்டுவிட்டார். குட்டையாக மீசை வைத்த ஒருவனும் குண்டான ஒருவனும் ஓர் அலுவலகத்துக்குள் நுழைகிறார்கள். ஜன்னல் ஜன்னலாக அலைகிறார்கள், மாடி ஏறி இறங்குகிறார்கள், கடைசியில் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். கீழே மருமகன் எழுதியது: "மாமா, உங்க ஆபீஸ் மாதிரியே இருக்கே!"

பாதிப் பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். மீதிப் பேர் கொதித்துப் போனார்கள். "ராப்பகலாக உழைத்தோம், எங்களைக் கேலி செய்கிறார்களே" என்று ஒருவர் இரண்டு பக்கம் எழுதினார். நான் அன்றைக்கு வாய் திறக்கவில்லை. குழுவில் எழுத இடம் போதாது, அதனால் இங்கே எழுதுகிறேன். இரண்டு கட்சியோடும் எனக்குத் தகராறு உண்டு.

முதலில் அந்தப் படம் எது என்று சொல்லிவிடுகிறேன். நான் காரைக்காலில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். அப்பா 1966-ல் தவறிய பிறகுதான் அம்மாவின் ஊரான வல்லத்திராக்கோட்டைக்கு வந்தோம். அதற்கு முன்பு, விடுமுறைக்கு வரும் சித்தப்பா பிரான்சிலிருந்து 'பிலோத்' என்ற பத்திரிகையின் பழைய இதழ்களைக் கட்டாகக் கொண்டு வருவார். 1959 அக்டோபரில் வந்த அதன் முதல் இதழிலேயே தொடங்கிய படக்கதைதான் அஸ்தெரிக்ஸ். எழுதியவர் ரெனே கோசினி, வரைந்தவர் அல்பேர் உதெர்ஸோ. சிவகாசி லயன் காமிக்ஸ் தமிழில் போட்ட லக்கி லூக் கதைகளை உங்கள் பிள்ளைகள் படித்திருப்பார்கள். அவற்றில் பலவற்றை எழுதியதும் இதே கோசினிதான்.

அஸ்தெரிக்ஸ் முதலில் கார்ட்டூன் படமாக வந்தது 1967-ல். புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பார்த்து எடுத்த படம். எழுதியவரையும் வரைந்தவரையும் ஒரு வார்த்தை கேட்காமலே எடுத்துவிட்டார்கள். ஆபீஸ் பாஷையில் சொன்னால் உண்மை நகல். உயிர் இல்லை. அடுத்த வருஷம் கிளியோபாத்ரா கதையை இருவரும் தாங்களே முன்னின்று எடுத்தார்கள், அது தேறியது. 1976-ல் வந்ததுதான் நம் குழுவில் சண்டை மூட்டிய படம்: 'அஸ்தெரிக்ஸின் 12 பணிகள்'. இதற்கு மூலப் புத்தகமே கிடையாது, நேராகத் திரைக்கென்றே எழுதினார்கள். புத்தகம்தான் உசத்தி, படம் எப்போதும் ஒரு படி கீழே என்று சொல்கிறவர்களுக்கு இந்தப் படத்தைத்தான் காட்டுவேன். நகல் எடுத்த 1967 படத்தை இப்போது பேரனோடு உட்கார்ந்து பார்த்தேன், பாதியிலேயே அவன் போனை எடுத்துவிட்டான். 1976 படத்துக்குக் கடைசி வரை அசையவில்லை.

கதை இதுதான். இந்த கோல் கிராமத்துக்காரர்கள் ஒருவேளை தேவர்களோ என்று ரோமாபுரியில் பேச்சு கிளம்புகிறது. சீஸர் 12 பணிகள் வைத்துச் சோதிக்கிறார். ஓட்டம், ஈட்டி, மல்யுத்தம், மிருகக் குகை எல்லாவற்றையும் ஜெயிக்கிறார்கள். எட்டாவது பணி ஒரு சீட்டு வாங்கி வருவது மட்டுமே: லெஸ்ஸே-பஸ்ஸே ஏ-38. அதாவது அனுமதிச் சீட்டு எண் ஏ-38. அந்தக் கட்டடத்தின் பெயர் 'பைத்தியமாக்கும் வீடு'. நீலப் படிவம் வேண்டும் என்பார்கள், அதற்கு முன் இளஞ்சிவப்புப் படிவம் என்பார்கள், அது இந்த ஜன்னலில் இல்லை என்பார்கள். மந்திரக் கஷாயத்தின் பலம் அங்கே செல்லாது.

இப்போது என் வழக்குக்கு வருகிறேன்.

சிரிக்கிற கட்சிக்கு முதலில். "குமாஸ்தா சோம்பேறி, அதனால் ஜனங்கள் அலைகிறார்கள்" என்பது உங்கள் தீர்ப்பு. படத்தை இன்னொரு தரம் பாருங்கள். அந்த வீட்டில் லஞ்சம் கேட்கிறவன் எவனாவது உண்டா? தூங்குகிறவன் உண்டா? ஒவ்வொருவரும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லி அடுத்த ஜன்னலைக் காட்டுகிறார். தன் மேஜை அளவில் அவர் சொல்வது சரிதான். ஆனால் வந்தவன் கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தான் என்று பார்ப்பது யாருடைய வேலையும் இல்லை. பைத்தியம் பிடிப்பது அங்கேதான்.

இதை எழுதிய கோசினி வெளியே நின்று கல்லெறிந்தவர் அல்ல. வளர்ந்தது அர்ஜென்டினாவில். அப்பா இறந்ததும் பதினேழு, பதினெட்டு வயதில் ஒரு டயர் கம்பெனியில் உதவிக் கணக்கராகக் கணக்கு எழுதியவர். அவரும் நம் சாதிதான் ஐயா, எழுத்தர் சாதி.

கம்ப்யூட்டர் வந்தால் இதெல்லாம் ஒழியும் என்றார்கள். வந்தது. ஒழிந்ததா? ஜன்னல் போனுக்குள் குடிபோய்விட்டது. வயலில் களை பிடுங்கித் தேய்ந்த கட்டைவிரலை இயந்திரம் ஏற்காது. சேலைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து வைக்கிறாள் ஒரு பாட்டி. ஓ.டி.பி. போகிற எண் திருப்பூரில் இருக்கும் மகன் கையில். ஆதாரில் ஒரு இனிஷியல், குடும்ப அட்டையில் இன்னொன்று. முன்பாவது ஜன்னலுக்குப் பின்னால் ஒரு முகம் இருந்தது, அதைத் திட்டலாம். இப்போது "சர்வர் இல்லை" என்றால் யாரைத் திட்டுவது?

மேலே போய் மனு கொடுத்தால் தீரும் என்பீர்கள். திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டர் கையில் கொடுத்த மனு என்ன ஆகிறது என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். "தக்க நடவடிக்கைக்காக" என்ற முத்திரையோடு கீழே இறங்கி, எந்த மேஜையைப் பற்றிப் புகாரோ அதே மேஜைக்கு வந்து சேரும். நானே என்னைப் பற்றிய மனுவுக்கு வரைவுப் பதில் எழுதியிருக்கிறேன். சிரிக்காதீர்கள், நிஜம்.

அடுத்தது கோபிக்கிற கட்சி. என் சகாக்களே, உங்களிடம்தான் எனக்குக் கடுமையாகப் பேச வேண்டியிருக்கிறது.

"விதிப்படிதான் செய்தோம்" என்கிறீர்கள். நானும் விதிப்படிதான் செய்தேன். 1974-ல், புதுக்கோட்டை தனி மாவட்டமான அதே வருஷம், வேலைக்குச் சேர்ந்து 34 வருஷம் செய்தேன். என் தன்பதிவேட்டில் நிலுவை கிடையாது, நல்ல பெயர் உண்டு. அந்த நல்ல பெயர் எப்படி வந்தது என்று ஒரு உதாரணம் சொல்கிறேன்.

எண்பதுகளின் கடைசி. எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. ஒரு பெண் வந்தார், நாற்பது வயதிருக்கும். கணவர் அரசில் கடைநிலை ஊழியர், இறந்துவிட்டார். குடும்ப ஓய்வூதியம் கேட்டு மஞ்சப்பையில் காகிதங்களோடு வந்தார். பணிப்பதிவேட்டில் கணவர் பெயர் "ஐயா" என்று முடிந்தது. இறப்புச் சான்றில் "அன்" என்று முடிந்தது. இருவரும் ஒருவரே என்று சான்று வாங்கி வரச் சொன்னேன். சரிதானே? வாங்கி வந்தார். வாரிசுச் சான்று எங்கே என்றேன். கொண்டு வந்தார். புகைப்படத்தில் கெஜட்டட் அதிகாரி கையெழுத்து இல்லை என்றேன். அதையும் வாங்கி வந்தார். நான்காம் முறை வந்தபோது அதிகாரி முகாமில் இருந்தார். ஐந்தாம் முறை வந்தபோது முதலில் வாங்கிய சான்று பழையதாகிவிட்டது, புதிதாக வாங்கி வரச் சொன்னேன்.

அப்போது அவர் கேட்டார்: "ஐயா, எல்லாத்தையும் ஒரே தடவையா சொல்லிடப்படாதா?"

குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டார். ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலியும் இரண்டு பஸ் டிக்கெட்டும் அவருக்குப் போனது. "முறைன்னு ஒண்ணு இருக்கும்மா" என்றேன். ஆறாம் முறை அவர் வரவில்லை. நினைவூட்டுக் கடிதம் ஒன்று அனுப்பினேன், இன்னொன்று அனுப்பினேன், பதில் இல்லை. "மனுதாரர் உரிய ஆவணங்களை முன்னிலைப்படுத்தவில்லை" என்று குறிப்பு எழுதி மூ.மு. போட்டு முடித்தேன். மூ.மு. என்றால் மூன்று வருஷம் வைத்திருந்து அழித்துவிடலாம் என்று அர்த்தம். அந்த மாதம் என் நிலுவைப் பட்டியலில் ஒன்று குறைந்தது. கண்காணிப்பாளர் பாராட்டினார்.

எந்த விதியை நான் மீறினேன்? ஒன்றையும் மீறவில்லை. எந்த விதி அவருக்குச் சோறு போட்டது? அதுவும் ஒன்றும் இல்லை.

ஒரு தாள் என்ன செய்யும் என்று தெரியாதவனா நான்? 1962 ஆகஸ்ட் 16-ல் புதுச்சேரியும் காரைக்காலும் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றிருந்தது. சித்தப்பா எழுதிக் கொடுத்தார், அப்பா கொடுக்கவில்லை. ஒரே வயிற்றில் பிறந்த இருவர் ஒரு தாளால் இரண்டு தேசத்தவர் ஆனார்கள். அது தெரிந்தும், என் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றவரின் தாளை நான் வெறும் தாளாகத்தான் பார்த்தேன்.

அந்தப் படத்தை முதன்முதலில் எண்பதுகளின் தொடக்கத்தில் புதுச்சேரியில் ஒரு திரையிடலில் பார்த்தேன், இந்தச் சம்பவத்துக்கு முன்பே. வயிறு வலிக்கச் சிரித்தேன். என்னை அஸ்தெரிக்ஸாக நினைத்துக்கொண்டு சிரித்தேன். இந்தப் பொங்கலுக்குப் பேரனோடு பார்த்தபோதுதான், ஜன்னலுக்குப் பின்னால் இருப்பது நான் என்று உறைத்தது.

இன்னொன்றும் உறைத்தது. அஸ்தெரிக்ஸ் அங்கே எப்படி ஜெயிக்கிறான்? இல்லாத ஒரு சீட்டைக் கேட்கிறான்: "புதிய சுற்றறிக்கை பி-65-ன்படி எனக்கு ஏ-39 வேண்டும்." அந்தச் சுற்றறிக்கையைப் பார்த்ததில்லை என்று ஒப்புக்கொள்ள எவருக்கும் மனமில்லை. ஒருவரையொருவர் கேட்டு ஜன்னல் ஜன்னலாக ஓடி வீடே பைத்தியமாகிறது. தொல்லை தாங்காமல் மேலதிகாரி ஏ-38-ஐக் கொடுத்து அனுப்பிவிடுகிறார். எல்லோரும் கைதட்டுகிற இடம் இது. நான் கேட்கிறேன்: சுற்றறிக்கை பாஷை தெரிந்தவனுக்குத்தானே இந்த வித்தை பலிக்கும்? மருமகனுக்குப் பலிக்கும். இடைத்தரகருக்குப் பலிக்கும், அவர் பிழைப்பே அதுதான். மஞ்சப்பையோடு வந்தவருக்கு ஏ-39 என்று சொல்லத் தெரியுமா? அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு நியாயமான கேள்வி. அதற்கு அந்த வீட்டில் பதில் இல்லை.

ஆகவே சிரிக்கிறவர்களே, நீங்கள் சிரிக்க முடிவது, தப்பித்து வெளியேறத் தெரிந்ததால். கோபிக்கிறவர்களே, நாம் கோபப்படுவது, உண்மை சுடுவதால்.

என்ன செய்யலாம்? பெரிய சீர்திருத்தம் எதுவும் நான் கேட்கவில்லை. ஒரே ஒரு விதி போதும். ஒரு மனுவைத் திருப்பினால், குறைகள் அத்தனையையும் முதல் நாளே ஒரே தாளில் எழுதி, எழுதியவர் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். அந்தத் தாளில் இல்லாத குறையைப் பிறகு யாரும் கேட்கக் கூடாது. திரையில் விண்ணப்பித்தாலும் இதே விதிதான். அந்த அம்மா என்னிடம் கேட்டது இதைத்தான். இதற்குக் கம்ப்யூட்டரும் வேண்டாம், கோடிப் பணமும் வேண்டாம்.

படத்தின் முடிவில் தோற்றுப்போன சீஸர் பதவியை விட்டுவிட்டுக் கிளியோபாத்ராவோடு கிராமத்து வீட்டில் போய்க் குடியிருக்கிறார். ஓய்வூதியர்களாகிய நமக்குப் பிடித்த காட்சி. ஆனால் நமக்கு அவ்வளவு சுலபமாக விடுதலை கிடையாது. சுற்றறிக்கை பாஷை தெரிந்த நாம் ஊருக்கு ஒருவராவது இருக்கிறோம். குழுவில் இரண்டு பக்கம் எழுதிய நண்பர், அதே நேரத்தில் இரண்டு பேருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கலாம்.

நான் செவ்வாய்க்கிழமைகளில் காலை பத்து மணிக்கு எங்கள் ஊர் டீக்கடைப் பெஞ்சில் இருப்பேன். காகிதங்களோடு யார் வந்தாலும், என்னென்ன குறை என்று ஒரே தடவையில் சொல்லிவிடுகிறேன். முப்பத்தைந்து வருஷம் தாமதம்தான். ஆனாலும் இருப்பேன்.