ஆட்டிசப் பிள்ளைகள் வளர்ந்த பிறகு எங்கே போகிறார்கள்?

கடந்த 2025 செப்டம்பர் 22ஆம் தேதி அமெரிக்க அதிபர் டிரம்ப், கர்ப்பிணிகள் பாராசிட்டமால் சாப்பிடுவதற்கும் பிள்ளைக்கு ஆட்டிசம் வருவதற்கும் தொடர்பு இருப்பதாக அறிவித்தார். அடுத்த சில நாள்களில் நம் புலனக் குழுக்களில் பெனடோல் அட்டையின் படத்தோடு எச்சரிக்கைகள் பறந்தன. அப்படிச் சொல்வதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் விளக்கம் கொடுத்தது. அந்த விளக்கத்தை எனக்கு யாரும் அனுப்பவில்லை.

போர்ட் கிள்ளானில் எனக்குப் பழக்கமான ஓர் அம்மா அந்த வாரம் தொலைபேசியில் அழைத்தார். "அவன் வயித்துல இருந்தப்போ நான் பெனடோல் போட்டேனா இல்லையான்னே ஞாபகம் இல்ல தம்பி" என்றார். குரல் உடைந்திருந்தது. மகனுக்கு இப்போது வயது 34.

அந்த மகனிடம் பேசினேன். அவருக்குப் பெனடோல் விவகாரத்தில் அக்கறையே இல்லை. அவருடைய கவலை வேறு. ஷிப்ட் மாற்றத்தை முதல் நாள் இரவு வாய்மொழியாகச் சொல்லாமல், ஒரு வாரம் முன்னால் எழுத்தில் கொடுப்பார்களா என்பதே அது. ஆட்டிசம் என்றால் எதனால் வந்தது என்றும், எந்தப் பள்ளியில் போடுவது என்றும்தான் நாம் பேசுகிறோம். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போய், சம்பளம் வாங்கி, அவமானப்பட்டு, வேலையை விட்டு வீட்டுக்கு வருவதைப் பற்றி நம் ஊடகங்களில் அநேகமாகப் பேச்சே இல்லை.

முதலில் பெயர். தமிழில் 'மதியிறுக்கம்' என்று எழுதுகிறோம். எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடு இல்லை. இந்தத் தம்பியின் மதி எங்கும் இறுகவில்லை. அவர் துறைமுகத்தை நம்பி நடக்கும் ஒரு சரக்கு நிறுவனத்தில் ஆவணப் பிரிவில் இருக்கிறார். போர்ட் கிள்ளான் துறைமுகம் 2024ஆம் ஆண்டில் 14 மில்லியன் டிஇயுவுக்கும் அதிகமான கொள்கலன்களைக் கையாண்டது. ஒவ்வொரு கொள்கலனுக்கும் நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம் உண்டு. முன்னால் உள்ளவற்றை ஒரு குறிப்பிட்ட கணக்கில் போட்டால் அந்தக் கடைசி இலக்கம் வரவேண்டும். வராவிட்டால் எண்ணை எங்கோ தப்பாக எழுதிவிட்டார்கள் என்று பொருள். இவர் அதை மனக்கணக்காகப் போடுவார். லோரி ஓட்டுநர் கையால் எழுதிய சீட்டைப் பார்த்து, "அண்ணே, இது தப்பு" என்று சொல்லிவிடுவார்.

இப்படிப்பட்டவர் இதற்கு முன் மூன்று வேலைகளை இழந்திருக்கிறார். ஒன்றுகூட வேலைப் பிழைக்காக இல்லை. ஓரிடத்தில் மேலாளர் எல்லார் முன்னிலையிலும் "என் திட்டம் எப்படி?" என்று கேட்டார். இவர் கேள்விக்குப் பதில் சொன்னார். இன்னோரிடத்தில் போர்க்லிப்ட் பின்வாங்கும்போது வரும் ஒலி தாங்க முடியாமல் காதைப் பொத்திக்கொண்டு ஸ்டோர் அறைக்குள் போய் உட்கார்ந்தார். வேலை நேரத்தில் இடத்தை விட்டுப் போனதாக எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மூன்றாவது இடத்தில் காரணமே சொல்லவில்லை. 'அட்டிடியூட்' சரியில்லையாம்.

31 வயதில்தான் அவருக்குத் தன் நிலை தெரிந்தது. அரசு கிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் வாங்கி, மனநலப் பிரிவில் பல மாதம் காத்திருந்து பெற்ற முடிவு அது. "அன்னைக்கு ராத்திரி நல்லா தூங்கினேன்" என்றார். சின்ன வயதிலிருந்து சோம்பேறி, திமிர் பிடித்தவன், அரைக்கிறுக்கு என்று கேட்டுக் கேட்டு அதை நம்பியிருந்தவருக்கு, தான் கெட்டவனில்லை என்று ஒரு மருத்துவர் எழுத்தில் கொடுத்த நாள் அது.

அடுத்தது ஓகேயு அட்டை. மருத்துவர் பாரத்தை நிரப்ப வேண்டும், சமூக நல இலாகாவில் பதிய வேண்டும். பதிவு கட்டாயமில்லை, விருப்பத்தின் பேரில்தான். செவி, பார்வை, பேச்சு, உடல், கற்றல், மனநலம், பலவகை என்று ஏழு பிரிவுகள் உள்ளன. ஆட்டிசத்துக்குத் தனிப் பிரிவு கிடையாது. அது 'மசாலா பெம்பெலாஜாரான்', அதாவது கற்றல் பிரச்சினை என்ற பிரிவுக்குள் போகிறது. எஸ்.பி.எம். கணிதத்தில் 'ஏ' வாங்கியவர் அந்த வரியை முதலாளியிடம் எப்படிக் காட்டுவது என்று யோசிக்கிறார். வீட்டில் இன்னொரு யோசனை. "தங்கச்சிக்கு ஒரு வரன் அமையட்டும், அப்புறம் அட்டை எடுக்கலாம்" என்கிறார் அப்பா. மூன்று ஆண்டுகளாக அட்டை எடுக்கப்படவில்லை. அப்பாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த அட்டையைப் பார்த்துப் பெண் வேண்டாம் என்று எழுந்து போகும் குடும்பங்கள் நம்மில் இருக்கின்றன.

இந்தியாவை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது, அதில் ஆட்டிசம் தனிப் பெயரோடு இருக்கிறது. அரசு வேலையில் 4 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. அதில் 1 விழுக்காடு ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய் உள்ளிட்டோருக்கு. நடைமுறையில் எவ்வளவு நிறைவேறுகிறது என்பது வேறு கதை. ஆனால் கேட்பதற்குச் சட்டத்தில் ஓர் இடம் இருக்கிறது. இங்கே அரசுப் பணியில் 1 விழுக்காடு என்பது வெறும் சுற்றறிக்கை.

நம் மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008ஆம் ஆண்டு வந்தது. அதன் 29ஆவது பிரிவு, வேலை பெறுவதில் மாற்றுத்திறனாளிகளுக்குச் சம உரிமை உண்டு என்கிறது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. மீறும் முதலாளிக்கு என்ன தண்டனை என்று தேடினால் எதுவும் இல்லை. 41, 42ஆம் பிரிவுகள் அரசாங்கத்தின் மீதே வழக்குப் போட முடியாதபடி பாதுகாப்பு கொடுக்கின்றன. கூட்டரசு அரசியலமைப்பின் 8(2) விதி சமயம், இனம், வம்சம், பிறப்பிடம், பாலினம் ஆகியவற்றின் பேரில் பாகுபாடு கூடாது என்கிறது. உடற்குறையோ மனக்குறையோ அந்தப் பட்டியலில் இல்லை. சட்டத்தைத் திருத்தப்போவதாக அமைச்சு பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் தமிழ்ப்பள்ளிக்கும் ஆலயத்துக்கும் கேட்பது போல இதற்கும் குரல் கொடுக்கலாம்.

அதுவரை கையில் இருப்பது வேலைச் சட்டம். 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தில் இரண்டு பிரிவுகளைத் தொழிலாளர்கள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். 60பி பிரிவின்படி வேலை நேரம், நாள், இடம் ஆகியவற்றில் மாற்றம் கேட்டு எழுத்தில் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். 69எஃப் பிரிவின்படி வேலையில் பாகுபாடு காட்டப்பட்டால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். தலைமை இயக்குநரின் உத்தரவை மதிக்காத முதலாளிக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. பாகுபாடு என்றால் என்ன என்று சட்டம் விளக்கவில்லை, அது பெரிய ஓட்டை. வேலை தேடிப் போகும்போதே வாசலில் மறுக்கப்பட்டவருக்கும் இது உதவாது. இருந்தாலும் வேலையில் இருப்பவருக்கு ஒரு பிடி.

நட்பு விஷயத்துக்குச் சட்டம் எதுவும் செய்ய முடியாது. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மற்றவர் மனம் புரியாது என்றே நீண்டகாலம் எழுதினார்கள். 2012இல் பிரிட்டனைச் சேர்ந்த டேமியன் மில்டன் அதைத் திருப்பிப் போட்டார். இவரும் ஆட்டிசம் உள்ளவர், சமூகவியல் ஆய்வாளர். அவர்களுக்கு நம்மைப் புரியவில்லை என்றால் நமக்கும் அவர்களைப் புரியவில்லை, கோளாறு இரு பக்கமும் இருக்கிறது என்றார். 2020இல் வெளியான ஓர் ஆய்வில், ஒருவர் காதில் சொன்ன கதையை அடுத்தவருக்குக் கடத்தும் சோதனை வைத்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டுமே இருந்த வரிசை, ஆட்டிசம் இல்லாதவர்கள் வரிசைக்குச் சமமாகக் கதையைக் கடத்தியது. இரு தரப்பும் கலந்த வரிசையில்தான் கதை அதிகம் சிதைந்தது.

இந்தத் தம்பிக்கு ஒரே ஒரு நண்பர் இருக்கிறார். இருவரும் ஞாயிற்றுக்கிழமை மாமாக் கடையில் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு மணி நேரம் கப்பல் வரும் அட்டவணையைப் பார்ப்பார்கள். பேச்சு குறைவு. பக்கத்து மேசைக்காரர்கள் இரண்டு பேருக்கும் சண்டையோ என்று நினைப்பார்கள்.

புரியாமை எங்கே கொண்டு விடும் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. 2017 செப்டம்பரில் கோத்தா டாமான்சாராவில் ஒரு பெண்ணைத் தொட்டதாகப் புகார் வந்து, ஆட்டிசம் உள்ள இளைஞர் ஒருவர் கைதானார். லாக்கப் உடையில் அவர் இருக்கும் படம் முகநூலில் பரவி நாடே கொந்தளித்தது. பின்னர் ஜாமீனில் விட்டார்கள். புகார் செய்த பெண்ணின் பயமும் உண்மையாகவே இருக்கலாம், அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் விசாரிப்பவருக்கு, கண்ணைப் பார்த்துப் பேசாதவன் எல்லாம் குற்றவாளி இல்லை என்ற பயிற்சி இருந்திருந்தால் அந்த இரவு வேறு மாதிரி போயிருக்கும். நம் இளைஞர்கள் போலீஸிடம் சிக்கினால் என்ன ஆகும் என்று தெரிந்த பெற்றோருக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு நினைவு இருக்கும். கேரித் தீவிலோ கிள்ளான் பக்கத்து வேறு தோட்டங்களிலோ, லயத்துக்கு ஒருவர் இப்படி இருப்பார். யாரோடும் ஒட்டமாட்டார், ஆனால் லோரி நம்பர் முழுவதும் மனப்பாடம். காலைப் பிரட்டுக்கு முதல் ஆளாக நிற்பார். தினமும் ஒரே நிரை, ஒரே நேரம், ஒரே மண்டோர். ஆட்டிசம் என்ற பெயர் தெரியாமலே அவருக்கு ஏற்ற வாழ்க்கை அமைந்திருந்தது. தோட்டம் துண்டாடப்பட்டு அடுக்குமாடிக்கு வந்தபோது அதுவும் போனது. இதைச் சொல்லும்போது தோட்ட வாழ்க்கையைப் பொற்காலமாக்க எனக்கு விருப்பமில்லை. அதே மனிதரைத்தான் பிள்ளைகள் கல்லெறிந்து கேலி செய்தார்கள். அப்படி இருந்த பெண்களை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டினார்கள்.

உலகில் முதன்முதலாக ஆட்டிசம் என்று பதிவான மனிதர் அமெரிக்காவின் டொனால்ட் டிரிப்ளெட். 1943இல் லியோ கேனர் எழுதிய கட்டுரையின் முதல் சிறுவன். மிசிசிப்பி மாநிலத்து ஃபாரஸ்ட் என்ற சிற்றூரில், குடும்பத்துக்குத் தொடர்புள்ள வங்கியில் பல பத்தாண்டுகள் வேலை பார்த்து, கோல்ஃப் ஆடி, 2023இல் 89 வயதில் காலமானார். வசதியான குடும்பம், அதை மறந்துவிடக் கூடாது. ஆனாலும் ஊரே அவரை அறிந்து வைத்திருந்தது.

இங்கேயும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. அட்லி யாஹ்யா என்பவர் பெரிய நிறுவன வேலையை விட்டுவிட்டுத் தம் மகனையும் அவனைப் போன்றவர்களையும் வைத்து 2016இல் ஆட்டிசம் கஃபே தொடங்கினார். ஆவணப்பட இயக்குநர் பியாட்ரிஸ் லியோங் தமக்கு ஆட்டிசம் என்று 35 வயதில் அறிந்து, அதன்பின் வெளிப்படையாகப் பேசி வருகிறார். பெண்களுக்கு இது இன்னும் தாமதமாகவே தெரிகிறது. அமைதியான பொண்ணு என்று பாராட்டி விட்டுவிடுகிறோம். சமூக நல இலாகா, ஜப்பானின் ஜைக்கா உதவியோடு 'ஜாப் கோச்' முறையைக் கொண்டுவந்தது. வேலையிடத்துக்கே பயிற்றுநர் வந்து, தொழிலாளிக்கும் மேலாளருக்கும் இடையே நின்று பழக்கிவிடுவார். தமிழர் நடத்தும் லோரி, கப்பல் சரக்கு நிறுவனங்கள் கிள்ளான் வட்டாரத்தில் நிறைய உண்டு. அவர்களில் எத்தனை பேர் இதைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள்?

அந்தத் தம்பியின் இப்போதைய சூப்பர்வைசர் ஒரு மலாய்க்காரப் பெண்மணி. 'காக்' என்று அழைக்கிறார். அவர் செய்தது இரண்டே காரியம். உத்தரவுகளை வாய்மொழியாகச் சொல்லாமல் எழுதி அனுப்பினார், மேசையைப் போர்க்லிப்ட் போகும் வழியிலிருந்து தள்ளிப் போட்டார். செலவு ஒரு சென்கூட இல்லை. இந்த வேலையில் தம்பி தாக்குப்பிடித்து நான்காவது ஆண்டு நடக்கிறது.

அடுத்த மாதம் அந்தப் பிரிவு வேறு கட்டடத்துக்கு மாறுகிறது. அந்த 'காக்' இடமாற்றலாகிப் போகிறார். தன் மேசை எங்கே இருக்கும், ஷிப்ட் எப்படி இருக்கும் என்று எழுத்தில் கேட்டுத் தம்பி நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார். 60பி பிரிவையும் அதில் குறிப்பிட்டிருக்கிறார். இதை எழுதும்வரை பதில் வரவில்லை.