பாம்புக்கு வெயில் காட்டப் போறீங்களா?

போன மாதம் நாங்கள் கூடினது ஒரு நாவலைப் பற்றிப் பேச. பேசி முடித்ததோ ஒரு மலைப்பாம்புக் குட்டியைப் பற்றி. எங்களில் ஒருத்தருக்குத் தெரிந்த பொடியன், பெரும்போக வேளாண்மை வெட்டும்போது வயலுக்குள் கிடந்த குட்டியை எடுத்து வந்து பிளாஸ்டிக் பெட்டியில் வளர்க்கிறான். நேரம் கிடைத்தால் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வாவிக்கரைக்குப் போவான். கூடவே ஒரு வீடியோ. "வீட்டுக்குள்ளயே கிடந்தா மறுகா அதுக்கு வருத்தம் வந்திரும் மச்சான். வெயிலும் காத்தும் பட வேணும்தானே?" என்பது அவன் நியாயம். எங்களில் பாதிப் பேர் அவன் பக்கம்தான் நின்றோம். தேடி வாசித்த பிறகு ஒருவரும் அங்கே இல்லை.

பாம்பின் உடம்பு தனக்கு வேண்டிய சூட்டைத் தானே உண்டாக்காது. வெளியிலிருந்துதான் எடுக்க வேணும். அந்த மட்டில் பொடியன் சொன்னது சரி. மாரியில் மழை விட்ட காலையில் வரம்பில் பாம்பு நீட்டிக் கிடப்பதைக் கண்டிருப்பீங்க. ஆனால் அங்கே பார்க்க வேண்டியது வெயிலை இல்லை, பக்கத்தில் இருக்கிற பொந்தை. போதும் என்று பட்டால் அது உள்ளே போய்விடும். பாம்புக்கு வேர்க்காது, சூடு கூடினால் நிழலுக்கு ஓடுவதைத் தவிர அதுக்கு வேறு வழியில்லை. கழுத்தில் தொங்குகிற பாம்பு எங்கே ஓடும்? அதுவும் ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடித்து, 35 பாகையைத் தொடுகிற எங்கட ஊரில். பெட்டியோடு வெயிலில் வைப்பது இன்னும் மோசம். மூடிய பெட்டிக்குள் சூடு ஏறிக்கொண்டே போகும், கொஞ்ச நேரத்திலேயே உயிர் போகலாம்.

"விட்டமின் டி வேண்டாமா?" என்று ஒரு தோழி கேட்டாள். நல்ல கேள்வி. 2008இல் அமெரிக்காவில் கோர்ன் ஸ்நேக் என்ற பாம்புகளுக்குப் புற ஊதா வெளிச்சம் காட்டிப் பார்த்ததில் இரத்தத்தில் விட்டமின் டி கூடியது. 2013இல் வெளியான இன்னொரு ஆய்வில் போல் பைத்தன்களுக்கு அப்படிக் குறிப்பிடும்படி கூடவில்லை. ஆக, எல்லாப் பாம்புக்கும் ஒரே பதில் இல்லை. எலியை முழுசாக விழுங்குகிற பிராணிக்கு அந்தச் சத்து இரையிலிருந்தே கிடைக்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்க. வெளிநாடுகளில் வளர்க்கிறவர்கள் பெட்டியின் ஒரு பக்கத்தைச் சூடாகவும் மறுபக்கத்தைக் குளிர்ச்சியாகவும் வைக்கிறார்கள். எந்தப் பக்கம் கிடப்பது என்பதைப் பாம்பு தீர்மானிக்கும்.

மறுபக்கம், ஆக்கள். 2016இல் வெளியான நாடளாவிய ஆய்வு, இலங்கையில் ஆண்டுக்கு 80,000க்கு மேற்பட்ட பாம்புக்கடிகளும் 400க்கு மேற்பட்ட சாவுகளும் என்று கணித்தது. வயலிலும் வாடியிலும் கடிபட்டவரைத் தெரியாத குடும்பம் இந்தப் பக்கத்தில் குறைவு. காந்திப் பூங்காவில் பாம்பு கை நழுவி விழுந்தால், அது விஷமில்லாதது என்று விளக்குவதற்கு முன்னமே பொல்லு வந்துவிடும். பொல்லு எடுத்தவரை நாங்கள் குறை சொல்லவும் ஏலாது.

பாம்பை வெளியில் கொண்டுவந்து காட்டுவது கிழக்குக்குப் புதிசு இல்லை. அக்கரைப்பற்றுக்குப் பக்கத்து அளிக்கம்பையில் வாழும் தெலுங்கு பேசும் சனங்களின் முன்னோருக்குப் பாம்பாட்டுவதுதான் தொழில். மகுடிக்குப் பாம்பு ஆடுது என்று ஊர் கைதட்டியது. அது ஆடவில்லை, தனக்கு முன்னால் அசைகிற ஒன்றைக் கண்டு பயந்து படம் எடுத்து நின்றது. அவர்களாவது வயிற்றுப்பாட்டுக்குச் செய்தார்கள். எங்கட பொடியனுக்கு லைக்.

வெங்கிணாந்தி என்று பெரியாக்கள் சொல்கிற இந்த மலைப்பாம்பு, எங்கட நாட்டில் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஆசைக்குப் பிடித்து வைக்க இடமில்லை. 'அப்ப வெளிநாட்டுப் பாம்பை வாங்குவம்' என்று யோசிக்கிறவர்கள் அமெரிக்காவின் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தைத் தேடி வாசியுங்க. வளர்க்கக் கொண்டுவந்த பர்மிய மலைப்பாம்புகள் தப்பியும் கைவிடப்பட்டும் அங்கே பெருகி, முயல்களையும் ரக்கூன்களையும் கிட்டத்தட்டத் துடைத்துவிட்டன. எங்கட வாவியைச் சுற்றியும் சதுப்புத்தான், கண்டல்தான்.

ஆகவே, பாம்பை உலாவக் கூட்டிப் போகலாமா என்றால் எங்கட பதில்: வேண்டாம். இந்தக் குட்டி வெளியே போக வேணும்தான். ஆனால் ஒரே ஒருக்கா, திரும்பி வராமல். கண்ட இடத்தில் நாங்களே விடவும் கூடாது, பெட்டிக்குள் பிடித்த நோயைக் காட்டுப் பாம்புகளுக்குக் கொடுத்துவிடக்கூடும். வனஜீவராசிகள் திணைக்களத்திடம் ஒப்படைக்க வேணும்.

இதையெல்லாம் அவனிடம் சொன்னோம். மறுக்கவில்லை. பிடித்து வைத்ததுக்கு வழக்குப் போடுவாங்களோ என்றுதான் பயப்படுகிறான். அந்தப் பயம் நியாயமானது. தானாகக் கொண்டுவந்து கொடுக்கிறவனை மிரட்டினால் அடுத்தவன் இரவோடு இரவாக வாவிக்கரையில் விட்டுவிட்டுப் போவான். வாற கிழமை எங்களில் ரெண்டு பேர் அவனோடு போறோம். அதுவரைக்கும் பெட்டி வீட்டு விறாந்தையில், நிழலில், தண்ணிச் சட்டியோடு இருக்கிறது.